வலியின் அருமை அறிந்தவர்: டாக்டர் பால் பிராண்ட்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு மறைந்த சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று அமைப்பாளர் பணித்தபோது, நான் ஏதேனும் ஒரு புலவரைத் தேர்ந்துகொள்வேன் என்றுதான் அவர் எண்ணியிருப்பார். ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த குற்றாலத்தில், திரிகூடராசப்பக் கவிராயரின் மேலகரத்துக்கு அருகில் அமர்ந்து எழுதுகிறவனுக்குப் புலவர்களா கிடைக்கமாட்டார்கள்? ஆயினும் நான் எடுத்துக்கொண்டது ஓர் அறுவை மருத்துவரின் வாழ்க்கையை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஐந்தருவிச் சாலையின் ஓரத்தில், கைகளிலும் கால்களிலும் கந்தல் துணி சுற்றிய சிலர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் காசைத் தூரத்திலிருந்தே எறிந்துவிட்டுப் போவார்கள். அவர்களுள் ஒருவர் ஒருநாள் ஆவி பறக்கும் தேநீர் நிறைந்த தகரக் குவளையை வெறும் உள்ளங்கைகளால் பற்றி ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிறு சுளிப்பும் இல்லை. பார்த்து நின்ற எங்களுக்கு அது பெரிய வீரமாகத் தோன்றிற்று. பெரியவர்கள் எங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபக்கம் நடந்தார்கள். விரல்கள் அழுகி உதிர்கிற நோய் அது என்று சொல்லியும் வைத்தார்கள். நான் கண்டது வீரமும் அன்று, விரல்கள் அழுகி உதிர்வதும் இல்லை என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அறிவித்தவர் டாக்டர் பால் பிராண்ட். நேரில் அன்று, அவருடைய நூல்களின் வழியே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தப் பத்தாண்டுகளில் நம் கூட்டங்களில் படிக்கப்பட்ட கவிதைகளில் வலி என்னும் சொல் வராத கவிதை குறைவு. என் கவிதைகளையும் சேர்த்தே சொல்கிறேன். வலியைப் பகையாகவும் விதியாகவும் அணியாகவும் ஆண்டிருக்கிறோம். வலி இல்லாமற் போனால் ஒரு மனிதன் என்ன ஆவான் என்று நம்மில் எவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே கொடுத்தவர் பிராண்ட்.

அவர் பிறந்த இடம் நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. வல்வில் ஓரி ஆண்டதும், கண்டாரைக் கொல்லும் பாவை உறைந்ததாகச் சங்கப் புலவர் பாடியதுமான கொல்லிமலையே அது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய அம்மலையில் 1914 ஜூலை 17ஆம் நாள் பால் வில்சன் பிராண்ட் பிறந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் எவ்லின். இருவரும் இங்கிலாந்திலிருந்து சமயப் பணிக்காக வந்தவர்கள். அக்காலத்தில் மலைமேல் செல்லச் சாலை கிடையாது. நடந்தேனும் டோலியிலேனும்தான் ஏறவேண்டும். ஜெஸ்ஸி முழுமையான மருத்துவர் அல்லர். சிறிது மருத்துவம் கற்றுக்கொண்டு வந்தவர். அவ்வளவே. ஆனால் மலைமக்களுக்குக் கிடைத்த மருத்துவர் அவர் ஒருவரே. பல் பிடுங்குவார், தச்சு வேலை கற்பிப்பார், வீடு கட்டுவார், கிணற்றுக்குச் சுவர் எழுப்புவார்.

கிணற்றுச் சுவருக்குக் காரணம் நரம்புச் சிலந்தி. அழுக்கு நீர் வழியே உடம்புக்குள் புகுந்து, நூல்போல் நீண்டு வளர்ந்து, காலின் தோலைத் துளைத்து வெளிவரும் புழு அது. ஜெஸ்ஸி அதை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குச் சிறிதாக, அறுந்துவிடாமல் வெளியே இழுப்பார். அறுந்தால் சீழ் பிடிக்கும். நம் முன்னோர் அப்புழுவுக்கு ஏன் நரம்பின் பெயரை வைத்தார்கள் என்பது பார்த்தவுடனே விளங்கும். ஆயினும் அதற்கும் நரம்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சிறுவன் பால் அந்தச் சீழையும் இரத்தத்தையும் கண்டு அருவருத்தான். மருத்துவன் மட்டும் ஆவதில்லை என்று முடிவு செய்துகொண்டான். வாழ்நாளெல்லாம் நரம்பைத் தேடப்போகிறவர் முதலில் ஓடியது நரம்பின் பெயரைத் தாங்கிய ஒரு புழுவைக் கண்டு.

இன்னொரு காட்சியும் அவர் மனத்தில் தங்கியது. ஒருநாள் அயலார் சிலர் மலையேறி வந்தார்கள். அவர்களுடைய கைகால்கள் குறைந்திருந்தன. எந்த நோயாளியையும் வெறுங்கையால் தொடும் தந்தை அன்று கையுறை அணிந்துகொண்டு அவர்கள் காலைக் கழுவிக் கட்டுப்போட்டார். பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது என்று தடுக்கப்பட்டனர். தந்தையின் முகத்தில் அச்சத்தை மகன் கண்டது அன்றுதான்.

ஒன்பது வயதில், 1923இல், பாலும் அவர் தங்கை கோனியும் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். தந்தையை அவர் மறுபடி பார்க்கவில்லை. 1929இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே மாண்டார். செய்தி தந்தியில் வந்தது. ஆனால் அவர் எழுதிப் போட்டிருந்த கடிதங்கள் கப்பலில் மெல்ல வந்து, இறந்த பின்னும் சில வாரங்கள் மகன் கைக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தன. மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி எழுதிய கடிதங்கள் அவை.

இளைஞரான பால் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கட்டடத் தொழிலுக்குப் போனார். தச்சும் கொத்தும் கற்றுக்கொண்டு இந்தியா திரும்பி வீடு கட்டுவது அவர் எண்ணம். அதற்கு ஆயத்தமாக வெப்பநாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டு படிக்க நேர்ந்தபோதுதான் தம் மனம் மருத்துவத்தில் ஊன்றிவிட்டதை உணர்ந்தார். 1937இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்தார். போர் வந்தது. மாணவர்கள் கார்டிப் நகருக்கு மாற்றப்பட்டனர். அங்கே மனிதத் தலையொன்றை மெல்ல மெல்லச் செதுக்கி, மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளையும் எலும்புக்குள்ளிருந்து வெளிக்கொணர்ந்து காட்டும் வேலையில் அவர் ஈடுபட்டார். தச்சனின் கை அங்கே உதவிற்று. வலியை ஆராய்ந்து புகழ்பெற்ற சர் தாமஸ் லூயிசிடம் பயிலும் வாய்ப்பும் அவருக்கு வாய்த்தது. உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943இல் மணந்தார். குண்டுவீச்சில் சிதைந்த உடல்களைத் தைத்துத் தைத்தே அறுவையில் தேர்ந்தார்.

1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் தொழுநோய் மருத்துவத்தில் உலகறிந்தவர். அவர் 1947இல் பிராண்டைச் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நோயாளிகளின் கைகளைப் பார்த்துக்கொண்டே நடந்த பிராண்ட், எலும்பு மூட்டு மருத்துவர் எவரேனும் இக்கைகளை ஆராய்ந்திருக்கிறார்களா என்று கேட்டார். தமக்குத் தெரிந்தவரை எவரும் இல்லை என்றார் காக்ரேன். தோல்நோய் என்று தோல் மருத்துவரிடம் விடப்பட்ட நோய் அது. போலியோவில் மடங்கிய கையை நிமிர்த்த அறுவை இருந்தது. தொழுநோயில் மடங்கிய கையை எவரும் தொடவில்லை.

அங்கே பருந்தின் நகம்போல் விரல் மடங்கிய ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தம் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. நகங்கள் சதையில் அழுந்தின. கத்திவிட்டார். அந்த நோயாளிக்குத் தாம் நோவு தந்ததே தெரியவில்லை. அந்தக் கணத்தில் இரண்டு செய்திகள் அவருக்கு ஒருங்கே கிடைத்தன. செத்துப்போனதாகக் கருதப்பட்ட கைக்குள் வலிமையான தசைகள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அக்கைக்கு உணர்ச்சி இல்லை.

பிறகு அவரும் துணைவர்களும் நோயாளி நோயாளியாகக் கைகளை அளந்து குறித்தார்கள். எந்தத் தசை செயலற்றது, எந்த இடத்தில் உணர்வு இல்லை என்று எழுதிக்கொண்டே போனபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் மாண்டிருக்கும். முன்கையின் பெருந்தசைகள் அநேகமாக வாழ்ந்திருக்கும். சதை அழுகுவதாயின் இப்படி ஒழுங்காக அழுகுமா? செங்கற்பட்டில் நோயாளி ஒருவர் இறந்தபோது, வேலூரிலிருந்து விரைந்து சென்று, இரவோடு இரவாக அவ்வுடலின் நரம்புகளை முழு நீளத்துக்கும் திறந்து பார்த்தார்கள். முழங்கைக்கு மேலே, மணிக்கட்டில், முழங்காலின் ஓரத்தில், கணுக்காலில் நரம்பு கயிறுபோல் பருத்திருந்தது. தசைக்குள் ஆழ்ந்து செல்லும் இடங்களில் இயல்பாக இருந்தது. தோலுக்கு அருகே, உடம்பு சற்றே குளிர்ந்திருக்கும் இடங்களிலேயே வீக்கம். சதையின் நோய் என்று நூற்றாண்டுகள் நம்பியது நரம்பின் நோய் என்பது அவ்விரவில் அவர் கண்முன் கிடந்தது.

அந்த வீக்கத்துக்குள் என்ன இருக்கிறது? இங்கே சற்று நிற்கவேண்டும். கவிஞர்கள் பொறுத்துக்கொள்க, இந்த வரலாற்றின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

முழங்கையின் உட்புறத்தை எங்கேனும் இடித்துக்கொண்டால் சுரீரென்று சுண்டுவிரல் வரை ஓடுகிறதே, அங்கே இருப்பது அல்நார் நரம்பு. தொழுநோய் பெரிதும் விரும்பும் நரம்பும் அதுவே. பார்வைக்கு ஒற்றைக் கயிறு. உள்ளே ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள். ஒவ்வொரு நாரும் ஆக்சான் எனப்படும். ஒரே ஒரு நரம்புச் செல் தன்னிலிருந்து நீட்டிய கை அது. இடுப்புக்கு அருகே இருக்கும் செல் ஒன்று கால் விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் கையை நீட்டியிருக்கும். இவ்வளவு நீண்ட கையை அந்தச் செல் தனியே பேண முடியாது. பேணுவதற்கென்றே உடன் வாழும் செல்கள் உண்டு.

ஜெர்மானிய அறிஞர் தியோடர் ஷ்வான் 1839இல் நரம்பு நாரை ஒட்டிக் கிடந்த அச்செல்களை விளக்கினார். அவர் பெயரே அவற்றுக்கு நின்றது. ருடால்ப் வீர்ஷோ 1854இல் நாரைச் சுற்றியுள்ள கொழுப்பு உறைக்கு மயலின் என்று பெயரிட்டார். மூளையில் நரம்புச் செல்களுக்கு இடையே நிறைந்திருந்த பொருளைப் பசை என்று கருதி, 1856இல் அதற்கு நியூரோகிளியா என்றும் பெயர் வைத்தார். நரம்புப் பசை என்பது அதன் பொருள். பெயர் வைப்பவர் கொஞ்சம் யோசித்து வைக்கவேண்டும். அந்த ஒரு சொல்லால் அச்செல்கள் இடத்தை அடைக்கும் சாந்து என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டன. 1873இல் இத்தாலியில் கோல்கி வெள்ளி உப்பால் நரம்புச் செல்களைக் கறுப்பாகத் துலக்கும் முறையை வெளியிட்டார். அதே ஆண்டில்தான் நார்வே நாட்டில் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். ஒருவர் கண்டது வீட்டை, மற்றவர் கண்டது அதில் குடிபுகும் கள்வனை என்பது இருவருக்கும் தெரியாது.

ஸ்பெயின் நாட்டில் ரமோன் இ கஹால் நரம்புச் செல்களை வரைந்து குவித்தார். அவரிடம் பயின்ற ரியோ ஒர்டேகா வேறொரு வெள்ளிச் சாய முறையால், குருநாதர் மூன்றாம் கூறு என்று பொதுவாகச் சொல்லி விட்டுவைத்ததைப் பிரித்துக் காட்டினார். 1919இல் மைக்ரோகிளியாவும் 1921இல் ஆலிகோடென்ட்ரோசைட்டும் வெளிவந்தன. இடையே 1920இல் சீடர் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். குருவின் கண்ணுக்குத் தப்பியதைக் கண்ட சீடருக்கு எந்த நாட்டிலும் இதுதான் கதி போலும்.

இன்று நாம் அறிவது இது. மூளையிலும் தண்டுவடத்திலும் நான்கு வகைச் செல்கள் நரம்புச் செல்லுக்குத் துணை நிற்கின்றன. விண்மீன் வடிவான ஆஸ்ட்ரோசைட் இரத்தக் குழாயில் ஒரு காலும் நரம்புச் செல்லின் மேல் மற்றொரு காலும் வைத்து, உணவு கொடுத்து, மிச்சமாகும் உப்பையும் வேதிப்பொருளையும் துடைத்தெடுக்கிறது. மைக்ரோகிளியா காவலாள், கிருமியையும் குப்பையையும் விழுங்கும், வளரும் மூளையில் வேண்டாத இணைப்புகளைக் கத்தரிக்கும். எபெண்டைமா செல்கள் மூளையின் அறைகளுக்கு உட்சுவராக நின்று நுண்மயிர்களால் அங்குள்ள நீரை அசைத்துக்கொண்டிருக்கின்றன. நான்காவதான ஆலிகோடென்ட்ரோசைட் மயலின் உறையிடும் செல். ஒரே ஆறு ஐந்தாகப் பிரிந்து விழுவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். இந்தச் செல்லும் அப்படித்தான் பல கிளைகளை நீட்டிப் பல நார்களுக்கு ஒருங்கே உறையிடும். கிளைகள் ஐந்தோடு நில்லாமல் சிலவற்றில் பல பத்துக்கும் போகும்.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே, கைகால் நரம்புகளில், உறையிடும் வேலை ஷ்வான் செல்லுடையது. நரம்பு முடிச்சுகளில் செல்லின் உடலைச் சூழ்ந்து நிற்கும் துணைச்செல்கள் வேறு உண்டு. ஷ்வான் செல்லின் இயல்பு கற்புடைமை எனலாம். ஒரு செல் ஒரே நாரின் ஒரே துண்டுக்கு மட்டும் உறையிடும். அந்தத் துண்டு மிக நீண்டாலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஆகையால் கை நெடுகிலும் ஒரே நாருக்கு நூற்றுக்கணக்கான ஷ்வான் செல்கள் வரிசையாக நிற்கின்றன. நாரின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டால், உறை வேண்டும் என்று நாரே வேதிக்குறிப்புக் கொடுக்கும். செல் தன் மேற்சவ்வின் ஓர் ஓரத்தை நாரைச் சுற்றி உள்ளே செலுத்திச் செலுத்தி, பாய் சுருட்டுவதுபோல் சுற்றிக்கொண்டே போகும். சுற்றுகளுக்கு இடையில் உள்ள நீர்ப்பகுதி பிதுங்கி வெளியேறும். சவ்வுகள் ஒன்றோடொன்று படிந்து இறுகும். எஞ்சுவது பெரும்பாலும் கொழுப்பு. நீர் நீங்கிய எடையில் முக்கால் பங்கு அதுவே. மயலின் என்பது செல் சுரந்த பொருள் அன்று, செல்லே சுருண்டு ஆன உறை என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கோழிக்கருவை வைத்து 1954இல் பெட்டி கெரன் என்னும் அம்மையார் காட்டினார். வேலூரில் பிராண்ட் கைகளை நிமிர்த்திக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்.

ஒரு ஷ்வான் செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும். ரேன்வியர் கணு என்பார்கள். நரம்பின் செய்தி உறையுள்ள இடத்தில் கசிவதில்லை. எண்ணெய் தேய்த்த உடம்பில் அருவி நீர் ஒட்டாது வழிவதை நினைத்துக்கொள்ளலாம். கணுவுக்குக் கணு அது தாவுகிறது, சிற்றாற்றில் கல்லுக்குக் கல் தாவிக் கரை சேர்பவனைப்போல. உறையில்லாத மெல்லிய நாரில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் ஊர்ந்துதான் போகும். தடித்த உறையுள்ள நாரில் நூறு மீட்டர் வரை பறக்கும். வலியே இரண்டு வழியாகவும் வருகிறது. வாசற்படியில் கால்விரலை இடித்துக்கொண்டவுடன் கூர்மையாக வெட்டுவது மெல்லிய உறையுள்ள நார் கொண்டுவரும் வலி. ஒரு கணம் கழித்து, ஐயோ இனிதான் வரப்போகிறது என்று பல்லைக் கடிக்கிறோமே, அந்தப் பரவிய எரிச்சல் உறையற்ற நார்களில் ஊர்ந்து வருவது. அந்த உறையற்ற நார்களும் அனாதைகள் அல்ல. பலவற்றை ஒரே ஷ்வான் செல் தன் மடிப்புகளில் வைத்து ஏந்திக்கொண்டிருக்கும்.

தொழுநோய்க் கிருமி குடிபுகும் வீடு இந்த ஷ்வான் செல்தான். செல்லின் வெளிப்பூச்சில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு அது உள்ளே நுழைகிறது என்பது 1990களின் பிற்பகுதியில் தெரியவந்தது. முப்பது டிகிரியைச் சற்றுத் தாண்டிய குளிர்ந்த சூடே அதற்கு உகந்தது. இரட்டிப்பதற்கே ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. உறை சிதைகிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமியைத் தாக்கப் புகும்போது நரம்பு வீங்கி, தன் மேலுறைக்குள்ளேயே நெரிபடுகிறது. முதலில் சூடும் குளிரும் தெரியாமற் போகும், வலி போகும், தொடுவுணர்வு போகும், பிறகு தசைகள் ஓயும். என் சிறுவயதில் ஐந்தருவிச் சாலையில் தேநீர் குடித்தவரின் கையில் நடந்திருந்தது இதுவே.

இச்செல்களில் ஒன்றையும் பிராண்ட் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய பெருமை வேறு. நரம்பின் உறை கெட்ட பின் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதை அவர் பார்த்தார். ஒரு சிறுவன், துருப்பிடித்த பூட்டைத் தம்மால் திறக்க முடியாமல் நின்ற பிராண்டிடமிருந்து சாவியை வாங்கி எளிதாகத் திருப்பினான். பார்த்தால் விரல் எலும்பு வரை வெட்டுண்டு இரத்தம் ஒழுகியது. சிறுவன் சிரித்துக்கொண்டு நின்றான். வேறு சிலருக்கு இரவில் படுத்து எழுந்தால் விரல் குறைந்திருந்தது. காவலிருந்து பார்த்தார்கள். எலி வந்து கடித்துத் தின்றது, தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். உலகின் மிகப் பழைய அச்சங்களில் ஒன்றுக்குக் கிடைத்த விடைகளில் இதுவும் ஒன்று: விரல்கள் தாமே உதிர்வதில்லை. காய்ந்த அடுப்பும், ஆணியும், இறுக்கிய செருப்பும், எலியுமே அவற்றைக் கொண்டுபோகின்றன. வலி இருந்திருந்தால் கை தன்னைத் தானே விலக்கிக்கொண்டிருக்கும்.

1950களின் தொடக்கத்தில் அவருக்கே ஒரு சோதனை நேர்ந்தது. அமெரிக்கப் பயணம் முடிந்து கப்பலிலும் பின்பு நெடுநேரம் ரயிலிலும் வந்து, காய்ச்சலோடு லண்டனில் ஓர் இரவு தங்கினார். காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வில்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. இத்தனை ஆண்டு நோயாளிகளைத் தொட்டுப் பழகியவருக்கு அதன் பொருள் தெரியும். மனைவியையும் குழந்தைகளையும் இனித் தொடலாமா என்று எண்ணியபடியே விடிய விடியக் கிடந்தார். காலையில் மறுபடி ஊசியைக் குத்தினார். சுருக்கென்று வலித்தது. ரயிலில் நெடுநேரம் அசையாதிருந்ததால் நரம்பு அழுந்தி மரத்துப் போயிருந்தது, அவ்வளவே. அந்த வலியைப்போல் இனிய ஒன்றை வாழ்நாளில் அவர் நுகர்ந்ததில்லை. நோயாளிகளின் இரவு எப்படியிருக்கும் என்பதும் அன்று அவருக்குத் தெரிந்தது.

கைகளை நிமிர்த்த அவர் வகுத்த அறுவையைச் சொல்லாமல் விடமுடியாது. மணிக்கட்டை நிமிர்த்தும் தசை ஒன்று வலிமையோடு எஞ்சியிருக்கும். அதன் நுனியோடு, காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாண் ஒன்றை ஒட்டி நீட்டி, அதனை நான்காகப் பிளந்து, உள்ளங்கையின் இடுக்குகள் வழியே நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைத்தார். காலில் அந்த நாண் சிலருக்கு இருப்பதே இல்லை. இருப்பவருக்கும் அதனால் பெரும்பயன் இல்லை. உதவாத ஒன்று நான்கு விரலை இயக்கும் கயிறாயிற்று. புதிய வழியை மூளைக்குக் கற்பிக்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். மார்கரெட் கண் மருத்துவராயிருந்து நோயாளிகளின் கண்களைக் காத்தார். இமை மூடாமல் கருவிழி காய்ந்து குருடாகிறவர்களுக்குக் கன்னப்பொறித் தசையின் ஒரு பகுதியை இமைக்குத் திருப்பினார்கள். மெல்லும்போது கண் மூடும். பார்வை வேண்டுமானால் எதையாவது மென்றுகொண்டிருக்கவேண்டும்.

அறுவை முடிந்து நிமிர்ந்த விரல்களோடு ஊர் திரும்பியவர்களில் சிலர் மீண்டு வந்து ஒரு முறையீடு வைத்தார்கள். மடங்கிய கையை நீட்டினால் காசு விழுந்தது. நிமிர்ந்த கைக்கு எவரும் போடுவதில்லை. வேலை கொடுப்பாரும் இல்லை. பிராண்டை இது வெகுவாகத் தாக்கிற்று. 1951இல் வேலூரில் மண் குடில்களோடு நவஜீவ நிலையம் எழுந்தது. ஒருகாலத்தில் வீண் என்று தாமே நினைத்த தச்சுத் தொழிலை அவர் அங்கே கற்பித்தார். உணர்வற்ற கை காயப்படாதபடி உளி, சுத்தியல்களின் பிடிகளைத் திருத்தினார். காலில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று அளந்து, மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்புகள் செய்வித்தார். 1952இல் லண்டன் அரசர் அறுவை மருத்துவக் கல்லூரியில் ஹண்டர் நினைவுப் பேராசிரியராக உரையாற்றினார். 1955இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் அமைந்தது. 1960இல் லாஸ்கர் விருது. விருதுகளைப் பற்றி மேலும் எழுதி இடத்தை வீணாக்கவேண்டியதில்லை.

1966இல் அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவர் மேற்கொண்டதும் தோற்றதுமான ஒரு முயற்சியைத்தான் நம் கவிஞர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். வலி இல்லாதவருக்கு வலியைச் செய்து கொடுப்பது அது. கையுறையில் அழுத்தத்தை அறியும் நுண்கருவிகளை வைத்து, அளவு மீறினால் காதில் ஒலி எழும்படி செய்தார்கள். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரியச் செய்தார்கள், அதனாலும் பயனில்லை. இறுதியில் உணர்வு எஞ்சியிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி பாயச் செய்தார்கள். உடனே நோயாளி என்ன செய்தார் தெரியுமா? ஆபத்தான வேலையைத் தொடங்குமுன் கருவியை நிறுத்திவிட்டார். வேலை முடிந்ததும் மறுபடி முடுக்கிக்கொண்டார். பல ஆண்டு உழைப்பும் பெரும்பொருளும் செலவான பின் பிராண்ட் முயற்சியைக் கைவிட்டார். ஷ்வான் செல்கள் வளர்த்துக் காத்து நிற்கும் நார்களில் வருகிற வலியை நிறுத்தும் விசை நம் கையில் இல்லை. அதனால்தான் அது நம்மைக் காக்கிறது என்று கண்டுகொண்டார். பிலிப் யான்சி என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து வலியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது.

தாய் எவ்லின் கணவர் மறைந்த பின்னும் மலைகளை விடவில்லை. ஓய்வு பெற்ற வயதில் மறுபடி மலையேறி, மட்டக்குதிரையிலும் ஊன்றுகோலிலும் ஊர் ஊராகச் சென்று பணி செய்து, 1974இல் 95ஆம் வயதில் இயற்கை எய்தினார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். மகன் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2003 ஜூலை 8ஆம் நாள் காலமானார். வேலூரில் கை அறுவைப் பிரிவு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கூட்டு மருந்து முறை 1980களில் வந்தபின் தொழுநோய் முற்றும் குணமாகும் நோயாயிற்று. பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து அது நீங்கிவிட்டதாக 2005 டிசம்பரில் நம் நாடு அறிவித்தது. ஆயினும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு இந்தியாவில் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டு வருகிறது. வெளிறிய தேமலில் பஞ்சை வைத்துத் தொட்டுப் பார்ப்பதும், முழங்கைக்குப் பின்னே அல்நார் நரம்பு கயிறுபோல் பருத்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்பதும் இன்றும் மருத்துவர் செய்யும் முதற் சோதனைகள். உறை அழிவதற்குள் மருந்து தொடங்கிவிட்டால் கை தப்பும்.

சென்ற சாரலில் நம் கூட்டம் முடிந்து ஐந்தருவியில் நின்றபோது, தோளில் விழுந்த நீர் முதலில் கல்லெறிபோல் வலித்து, பின்பு குளிர்ந்து, பின்பு மரத்துப்போயிற்று. வெளியே வந்து துவட்டிக்கொண்டபின் சிறிது நேரத்தில் உணர்வு திரும்பிற்று. சாலையோரம் இப்போது தேநீர்க் கடைகள் இருக்கின்றன. அந்த வரிசை இல்லை. தகரக் குவளையைப் பற்றிக்கொண்டிருந்தவரின் பெயரை அன்று நான் கேட்கவில்லை. கேட்க எவரும் விட்டிருக்கவும் மாட்டார்கள்.